வெர்னா எழுதிய மணிக்கணக்கு

வெர்னா ஹொலுப்பைப் பார்க்க யாரும் அலுவலகத்துக்குப் போவதில்லை. அவள் இருக்கிற இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். தேவாலயம் விட்டு வெளியே வந்தால் ஒருத்தர் நோய் கண்ட தக்காளி இலையை நீட்டுவார். பெட்ரோல் போட நின்றால் இன்னொருத்தர் வண்டியிலிருந்து மண் பொட்டலத்தை எடுத்துவருவார். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தபோது, அந்த டாக்டரே தன் ஆப்பிள் மரம் பட்டுப்போவதைப் பற்றிக் கேட்டார். அவளால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

நெப்ராஸ்காவில் ஆளைவிட மாடு அதிகமுள்ள ஒரு மாவட்டத்தில், ஊர்க்காரர்களின் பயிருக்கும் மாட்டுக்கும் யோசனை சொல்லும் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளராக அவளுக்குப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளின் ஆடு மாடு வளர்ப்புச் சங்கங்கள், ஜூலைக் கண்காட்சி, சமையல் வகுப்பு எல்லாம் அவள் தலையில். எத்தனை மணி நேரம் உழைக்கிறாள் என்று அவளும் எண்ணியதில்லை, அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் எண்ணியதில்லை.

2016இல் மத்திய அரசு கூலி விதியை மாற்றியது. வருஷத்துக்கு நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கீழே வாங்கும் சம்பளக்காரர்களுக்கும், வாரம் நாற்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும்; டிசம்பர் முதல் தேதி அமல். வெர்னாவின் சம்பளம் அந்தக் கோட்டுக்கு எட்டாயிரம் கீழே இருந்தது. செப்டம்பரில் மேலதிகாரி டால்டன் ரீஸ் வண்டியோட்டிக்கொண்டு நேரிலேயே சொல்ல வந்தான். அவளைவிடப் பதினாறு வயது இளையவன், நல்லவன்.

“இனிமே நீங்க மணிக்கூலிக் கணக்கு, வெர்னா. கூடுதல் நேரத்துக்குக் குடுக்கப் பணம் இல்ல. அதனால கூடுதல் நேரமே இருக்கக் கூடாதுங்கறாங்க. நாப்பதுன்னா நாப்பதுதான்.”

“கண்காட்சி வாரத்துல?”

“அப்பவும் நாப்பது.”

“அப்ப வியாழக்கிழமை மத்தியானமே நாப்பது முடிஞ்சிடும். ஆடுங்களை அப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடவா?”

டால்டன் கையிலிருந்த காகிதத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அவன் போனதும் அலுவலக எழுத்தர் மார்லிஸ் காபியோடு வந்தாள். “வா, எங்க கூட்டத்துல சேர்ந்துட்ட. அஞ்சடிச்சா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பணும். முதல்ல காலு வராது, பழக்கிடலாம்.”

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “படிச்சுப் பட்டம் வாங்கி, கடைசியில மணியடிச்சா போற ஆளா ஆக்கிட்டாங்களே.”

“நான் இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் போறேன். என்ன குறைஞ்சுபோச்சு எனக்கு?”

வெர்னாவின் முகம் சுருங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டாள். மார்லிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், மணிக்கணக்குத் தாளை எப்படி நிரப்புவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

அக்டோபரில் வெள்ளோட்டம். செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள் வெர்னா. முதல் வாரமே அறுபத்தொரு மணி நேரம். டால்டன் போனில் கூப்பிட்டான்.

“நாப்பதுன்னு போட்டுடுங்க. மத்ததை நீங்க ஆசைக்குப் பண்ற உதவின்னு வச்சுக்கலாம்.”

“சங்கத்துப் பிள்ளைங்க ஆட்டுக்கு என்ன தீனி போட்டோம்னு நோட்டு எழுதுறாங்க. ஒரு நாளைப் பொய்யா நிரப்பினாலும் நான் திருப்பிக் குடுத்துடுவேன். அந்தக் கையால இதை எப்படி எழுதறது?”

“அப்ப வேலையைக் குறைங்க.”

“எதைன்னு சொல்லுங்க.”

“எனக்குத் தெரியல, வெர்னா,” என்றான்.

அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான் என்று தோன்றியது. அலுவலகச் செலவில் பங்கு கொடுக்கும் மாவட்ட வாரியத்தின் நவம்பர் மாதக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தாள். காலைக் கூட்டம், மூன்று உறுப்பினர்கள், பின்வரிசையில் பத்துப் பதினைந்து பேர். எழுந்து நின்று அந்த ஒரு வாரத்துத் தாளை வாசித்தாள்.

“ஞாயிறு, காலை ஆறு பத்து. உறைபனி விழுந்த சோளத்துல மாட்டை மேய விடலாமான்னு போன். விட்டா விஷம், பத்து நாள் பொறுங்கன்னு சொன்னேன். நாப்பது நிமிஷம்.”

தலைவர் லீலண்ட் போகோர்னியின் காது சிவந்தது. “அது நான்தான்.”

“நான் பேர் எழுதலியே.”

“நாப்பது நிமிஷமா பேசினேன்?”

“சோளம் பத்து நிமிஷம். மீதி உங்க முட்டிவலி.”

அறை முழுக்கச் சிரித்தது. அவள் நிறுத்தாமல் வாசித்தாள். புதன்கிழமை மாவட்டத்தின் மறுகோடிக்குத் தொண்ணூறு மைல் ஓட்டிப்போய், சர்க்கரை நோயாளிகளுக்குச் சமையல் வகுப்பு. காய்கறியைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் பாத்திரத்தின் அழுத்தமானி சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் பயந்துபோன விதவை. வளர்த்த காளையை விற்றுவிட்டு அழுத சிறுமியோடு இரண்டு மணி நேரம். சிரிப்பு மெல்ல அடங்கிவிட்டது.

“இதுல இருபத்தொரு மணி நேரம் போகணும்,” என்றாள். “எது வேண்டாம்னு நீங்க சொல்லுங்க. நான் அதை விட்டுடறேன்.”

லீலண்ட் முதலில் தாளில் தன் போன் பற்றிய வரியை அடித்துவிடச் சொன்னார். அதற்குமேல் ஒருவரும் ஒரு வரியைக்கூட அடிக்கச் சம்மதிக்கவில்லை. பேசிப் பேசி இரண்டு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளைகளின் சங்கங்களைக் கவனிக்க, வாரம் இருபது மணிக்கு மாவட்டச் செலவில் இன்னொரு ஆள். ஐந்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெர்னாவுக்குப் போன். இரண்டாவதை மார்லிஸே தட்டச்சு செய்து தீவனக் கடை முதல் தேவாலயம் வரை ஒட்டினாள்.

டிசம்பருக்கு ஒரு வாரம் இருக்கும்போது டெக்சாஸில் ஒரு நீதிபதி அந்த விதிக்குத் தடை போட்டார். “எல்லாம் பழையபடியே,” என்று டால்டன் போன் செய்தான். அடுத்த வாரியக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், விதியே இல்லையென்றால் புது ஆள் எதற்கு என்று கேட்டார். லீலண்ட் சொன்னார்: “விதிதான போச்சு. வேலை எங்கயும் போகலியே.” முடிவு அப்படியே நின்றது.

வெர்னாவின் சம்பளம் ஏறவில்லை. ஞாயிறு போன்கள் பாதிதான் குறைந்தன. கேட்பார் இல்லாவிட்டாலும் அவள் மணிக்கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. டால்டன் அந்தத் தாளின் நகலை வாங்கிப்போய் மற்ற மாவட்டங்களில் காட்டினான். ஜனவரியில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து சங்கங்களை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு பிள்ளைகளின் சங்கத்துக்காகப் புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் அடித்துப்பிடித்துத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. சமைத்ததை வகுப்புக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வெர்னா வண்டியை எடுத்தாள்.