அண்ணனின் வளைவில் நான் பூசிய சிமெண்ட்

அண்ணனின் நினைவு மலரில் நான் எழுதக் கூடாது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அண்ணி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் கருவடிக்குப்பத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் சிறு வயதிலேயே கொத்து வேலைக்குப் போய், என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வைத்தார்; ‘முசே’, அதாவது துரை, என்று கேலியாகக் கூப்பிடுவார். எங்கள் தேவாலயப் பங்கின் கல்லறைத் தோட்டத்துப் பழைய வாசலைச் செப்பனிட்டவர் அவர்தான். இரண்டு உருண்டைத் தூண்கள், மேலே செங்கல் வளைவு, அதன் நெற்றியில் இறக்கை மடித்த சம்மனசு என்னும் தேவதூதன் சிலை. கடுக்காய் நீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினார்.

வளைவுக்கு முட்டுக் கொடுத்திருந்த சமயத்தில் என் மனைவி இறந்தாள். எங்கள் வழக்கப்படி பெட்டியை வளைவின் கீழ் இறக்கிவைத்து ஜெபிக்க வேண்டும். அண்ணன் மறித்தார்.

“ஈரம் காயல. முட்டு அசைஞ்சா எல்லார் தலையிலயும் விழும். பின்பக்கமா எடுத்துனு போங்க.”

குப்பை வண்டி போகும் வழியில் அவளைக் கொண்டுபோனோம். அண்ணன் சொன்னது சரிதான். அதனாலேயே அவரை மன்னிக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் காத்திருந்தேன். பங்குப் பேரவைச் செயலாளரானதும், வாசலைப் பலப்படுத்துவதாகச் சொல்லிச் சுண்ணாம்பின் மேல் சிமெண்ட் பூச வைத்தேன். உள்ளே அடைபட்ட ஈரம் செங்கல்லைத் தின்னும் என்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்காகவே பூசினேன்.

“டேய், என்னை வேணா அடிடா. அதை விட்டுடுடா.”

நான் சிரித்தேன். இரண்டு மழைக்காலத்தில் சம்மனசின் முகம் உப்பி விழுந்தது. அன்று எனக்குச் சோறு ருசித்தது.

அண்ணன் நோயில் விழுந்த பிறகுதான் வெட்கம் வந்தது. போய் மன்னிப்புக் கேட்டேன்.

“ஆள் வைக்காத. உன் கையால அந்த சிமெண்ட்டைக் கொத்தி எடு.”

பங்குச் சாமியார் அனுமதித்தார். எழுபது தாண்டிய நான் முதன்முறையாக உளி பிடித்தேன். அண்ணன் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“என்னா முசே, பேனா மாதிரி புடிக்கிற?”

கொப்புளம் உடைந்து இரத்தம் கசிந்த கையைக் காட்டினேன்.

“நல்லா இருக்கு. அந்தக் கையையும் காட்டு.”

வளைவும் ஒரு தூணும் முடிந்தன. “இப்பவாவது மன்னிச்சிட்டியாண்ணா?” என்றேன்.

“இன்னொரு தூண் இருக்குதே” என்றார். அந்த வாரமே இறைவனடி சேர்ந்தார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், எனக்குச் சாரம் கட்டித் தந்த அவருடைய பிள்ளைகளுக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் நன்றி. மீதி வேலையை முடித்துத் தருவதாகக் கொத்து வேலை தெரிந்த உறவினர் பலர் சொல்கிறீர்கள். உங்கள் அன்புக்கும் நன்றி. அந்தத் தூணில் யாரும் கை வைக்க வேண்டாம்.