அம்மாவின் சீரில் வந்த டெக்

எங்கள் ஊரில் மருமகளின் மதிப்பு அவளோடு வந்து இறங்கிய சீர்ப் பொருளில்தான் இருந்தது. அம்மாவோடு வந்தது வீடியோ டெக். சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களில் அப்போது வாடகைக்குக்கூட டெக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்பா சில வருஷம் தலைகால் புரியாமல் ஆடினாராம். அதைக் கொடுத்த அம்மாவின் அப்பா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் அவரைப் பார்த்ததெல்லாம் கல்யாணக் கேசட்டில்தான். பந்தி நடக்கும் இடத்தில் பாட்டு சட்டென்று நின்று, "எல்லாரும் சாப்ட்டுதான் போவணும்" என்று அவர் குரல் கேட்கும். அந்த இடம் வந்தால் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணமாயிற்று. சித்தியின் சீரில் டிவிடி பிளேயர் வந்தது. கடைக்காரர் தோற்றுப்போகும்படி சித்தப்பா அதன் பெருமைகளை அடுக்கினார்.

"அண்ணி, இத்த பின்னாடி ஓட்டிக்கினு குந்த வேணாம். பூஞ்சை புடிக்காது, நாடா சிக்காது. எந்த எடம் வேணுமோ நேரா அங்க பூடலாம். படம் எப்டி கீது பாருங்க!"

எல்லாம் உண்மைதான். ஒவ்வொரு உண்மையும் அம்மாவின் தலையில் குட்டாக விழுந்தது. தம்பிக்கு வந்த பொருள் உசத்தியாகிப்போன வயிற்றெரிச்சலை அப்பா அவளிடம்தான் தீர்த்துக்கொண்டார். "உங்கப்பன் என் தலையில கட்டுனது ரெண்டுமே ஓட்டை" என்பார்.

அம்மா ஒரே ஒருமுறை வாய் திறந்து கேட்டாள். "உத்திரமேரூர்ல கேசட்ட டிவிடியா மாத்தித் தராங்களாம். நம்ம கல்யாணத்த மாத்திக் குடுங்க."

"ஒருவாட்டி பண்ணிக்கினதே போதாதா? அத்த வேற திருப்பித் திருப்பிப் பாக்கணுமா?" என்றார் அப்பா. வீடே சிரித்தது. நானும்தான். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

டெக் பழைய இரும்புக்காரரிடம் போனது. அந்தப் பருவத்தில் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் கொல்லையில் வேர்க்கடலை விதைத்ததும் காக்கைகள் கிளற ஆரம்பித்தன. அப்பா கேசட்டை உடைத்து, உள்ளே இருந்த நாடாவை உருவி, கொல்லை முழுக்கக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினார். காற்றடித்தால் பளபளத்து விர்ரென்று சத்தம் போட்டது. காக்கை கிட்டவே வரவில்லை. "இதுக்காச்சும் ஒதவுச்சே" என்றார். எனக்கும் ஒரே குஷி.

மத்தியானம் சோறு எடுத்து வந்த அம்மா வரப்பில் உடைந்து கிடந்த கேசட் கூட்டைப் பார்த்தாள். பிறகு நாடாவை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் கேட்டாள்.

"இதுல எங்கடி கீறாரு எங்கப்பா?"

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. டெக்குல போட்டாத்தான் தெரியும்" என்று பெரிய மனுஷி போல விளக்கினேன்.

அம்மா நாடாவை விட்டுவிட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சோறு போட்டாள். அவர் இன்னும் குழம்பு கேட்டார்; ஊற்றினாள். எங்கள் அம்மாவுக்குக் கோபமே வராது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.