கண்மாய்ப் பக்கம் திருப்பிய குழாய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மரவேலை. எனக்கு உளி பிடிக்கவில்லை. பதினாறு வயதில் மதுரைக்கு ஓடி, ஒரு மைக் செட்காரரிடம் பெட்டி தூக்கினேன். அவர் எதையும் சொல்லித் தரவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் சொந்த ஆம்ப்ளிஃபயரோடு ஊர் திரும்பினேன். இப்போது எனக்கு எழுபத்து மூன்று. இளையாத்தங்குடியில் இருந்து காளையார்கோவில் வரைக்கும் ‘சேவுகப்பெருமாள் சவுண்ட்’ என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். தெரியாது என்பவன் வெளியூர்க்காரன்.

என் மைக் பாதிப் பேச்சில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. கரண்ட் போனாலும் நிற்காது. லாரி பேட்டரி இரண்டு எப்போதும் மேடைக்கு அடியில் கிடக்கும். என் மைக்கில் பேசி ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர். தோற்றவர்களும் உண்டு. அதற்கு மைக் என்ன செய்யும்?

எங்கள் ஊர் கிளுவக்குடி. கோவிலூரைத் தாண்டி உள்ளே வர வேண்டும். எங்கள் ஊராட்சியைக் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. சேர்த்துவிட்டால் கிராமத்துக்கான நூறு நாள் வேலை கிடையாது. கிராம சபையில் ஊரே உட்கார்ந்து, சேர மாட்டோம் என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்பியது. அதைப் போட வைத்தவள் மீனாள். புருஷன் போன பிறகு, ஆடி ஆவணியில் வயல் வேலை இல்லாத நாளெல்லாம் அந்த நூறு நாள் வேலையில் கண்மாயில் மண் வெட்டித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். சின்னவள் இன்னும் கல்லூரியில் இருக்கிறாள். அந்த வேலை போனால் அவள் படிப்பும் போகும். ஐந்து மாதமாகியும் தீர்மானத்துக்குப் பதில் வரவில்லை.

எம்.எல்.ஏ. தேனப்பனைப் பற்றி ஒரு நல்லதைச் சொல்லியாக வேண்டும். சட்டமன்றம் முடிந்தால் ஊர் ஊராக வந்து, அங்கே என்ன நடந்தது என்று மக்களிடம் சொல்வார். எங்கள் ஊரில் அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் என் மைக்தான். இந்தத் தடவை அவர் கட்சியின் கிளைச் செயலாளர் ஜெயகாந்தன் வந்து, வியாழக்கிழமை பகல் பதினோரு மணி என்றான்.

“பகல்லயா? பொம்பளைக பூராம் கண்மாய்ல நிப்பாகளேப்பா.”

“அதுக்கென்னண்ணே, வாரவுக வரட்டும்.”

“எப்பிடி வருவாக? காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. ரெண்டுலயும் மூஞ்சி தெரியலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல.”

“நீங்க மைக்க மட்டும் கட்டுங்கண்ணே. மத்தத நாங்க பாத்துக்கிருவோம்.”

மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் அது புரிந்தது. கேள்வி கேட்கிறவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கோயில் பொட்டலில் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினேன். ஒன்று தெருப் பக்கம், ஒன்று பஸ் ஸ்டாப் பக்கம். மூன்றாவதை வேப்ப மரத்து உச்சியில் ஏற்றி, வாயைக் கண்மாய்க்கு நேராகத் திருப்பிக் கட்டினேன். மண்வெட்டியோடு அந்த வழியாகப் போன மீனாள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன சேவுகண்ணே, எம்.எல்.ஏ. கொக்குகளுக்கா பேசப் போறாரு?”

“ஒங்களுக்குத்தான் ஆத்தா. ஒரு சொல்லு தப்பாம வந்து விழும். வெட்டிக்கிட்டே கேளுங்க.”

“கேட்டு? திருப்பிச் சொல்ல எங்ககிட்ட கொழாய் இருக்கா?”

“ஒனக்கு எதுக்கு ஆத்தா கொழாய்? ஒன் வாயே காரைக்குடிக்குக் கேக்கும்.”

சிரித்துக்கொண்டே போனாள்.

பதினொன்றரைக்கு எம்.எல்.ஏ. பேச எழுந்தார். முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் வெளியூரில் இருந்து வேனில் வந்தவர்கள். மனிதர் நன்றாகவே பேசினார். கல்லூரிப் பெண்களுக்கு மாதப் பணம், புதிதாக ஒரு பஸ், கண்மாய் ஆக்கிரமிப்பை எடுக்கப் போடும் சட்டம், நான்குவழிச் சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். யாரும் கொட்டாவி விடவில்லை. கடைசியில்தான் அது வந்தது.

“மாநகராட்சியோட சேர்ந்தா குழாய்த் தண்ணி வரும், தெருவெளக்கு வரும். கிளுவக்குடி மக்கள் இதை மனமார வரவேற்கிறாக. ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லல. இதை நான் சட்டமன்றத்துல பதிவு பண்ணப் போறேன்.”

மூன்றாவது குழாய் அதை அப்படியே கொண்டுபோய்க் கண்மாயில் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் கரைமேல் புழுதி கிளம்பியது. மண்வெட்டியும் சட்டியுமாக நாற்பது பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மீனாள். மத்தியானப் போட்டோ இன்னும் எடுக்கவில்லை. அன்றைய சம்பளம் போகும் என்று தெரிந்தேதான் வந்தார்கள். போட்டோ எடுக்க வேண்டிய சண்முகப்ரியாவும் போனைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தாள். ஆள் இல்லாத கண்மாயை அவள் எதற்குப் படம் பிடிப்பாள்?

ஜெயகாந்தன் என்னிடம் ஓடி வந்தான். “அண்ணே, அய்யா பேசி முடிச்சிட்டாரு. மைக்க அணைங்க.”

“அவரு முடிச்சிட்டாரு. ஊரு இன்னும் ஆரம்பிக்கலையே தம்பி.”

அவனே போய்க் கோயில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான். மேடையில் ஃபேன் நின்றது. என் மைக் நிற்கவில்லை. பேட்டரியைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. மேடைக்குக் கீழே நீள வயரில் இன்னொரு மைக் வைத்திருப்பது என் வழக்கம். அதை இழுத்துக்கொண்டு போய் மீனாள் கையில் கொடுத்தேன்.

அவள் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. வாயோடு ஒட்டி வைத்ததில் வீல் என்று கத்தியது.

“தள்ளிப் பிடி ஆத்தா. அது கடிக்காது.”

ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். 

“அய்யாவுக்கு வணக்கம். மனமார வரவேற்கிறாகன்னு சொன்னீக. யாரு மனசு அது? எங்க மனசு இம்புட்டு நேரமும் கண்மாய்ல மண்ணு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்களுக்குக் குழாய்த் தண்ணியும் வேணும், தெருவெளக்கும் வேணும். அதுக்கு எங்க வேலையத்தான் வெலையாக் கேப்பீகளா? கிராம சபையில வேண்டாம்னு தீர்மானம் போட்டோமே, அது எங்குட்டுப் போச்சு?”

மேடையில் யாரோ ஒருவர் எழுந்து, “பொம்பளைகளத் தூண்டிவிட்டு இங்க கூட்டியாந்தது யாரு?” என்று சத்தம் போட்டார்.

“எம்.எல்.ஏ. அய்யாதான்” என்றாள் மீனாள். “அவுக பேச்சக் கேட்டுத்தான் வந்தோம். அங்குட்டு வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு.”

வேனில் வந்தவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். ஜெயகாந்தன் என் காதருகே வந்து பல்லைக் கடித்தான்.

“இனிமே கட்சி வேலை ஒன்னும் ஒங்களுக்குக் கெடையாதுண்ணே.”

“இந்த ஊர்ல ஒங்க கட்சிக்கு மொதக் கொடி ஏத்துனப்ப நான்தான்டா மைக் கட்டுனேன். நீ அப்ப பெறக்கவே இல்ல. போ.”

எம்.எல்.ஏ. அந்தப் பெண்களின் முழங்கால் வரைக்கும் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படித் தீர்மானம் எதுவும் என் பார்வைக்கு வரலையேம்மா” என்றார்.

மீனாள் இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே தீர்மானத்தின் நகல். எத்தனை நாளாக அதைக் கண்மாய்க்கும் வீட்டுக்கும் சுமந்தாளோ.

“வரலைன்னா இப்ப வாங்கிக்கிருங்கய்யா. வாங்குனேன்னு மைக்லயே சொல்லிருங்க.”

வாங்கினார். நின்றபடியே முழுவதும் படித்தார். அவர் முகம் நன்றாக இல்லை. ஆனாலும் மைக் முன்னால் வந்தார்.

“கிளுவக்குடி ஊராட்சி மாநகராட்சியோட சேரச் சம்மதிக்கல. தீர்மானத்தை வாங்கிக்கிட்டேன். சபையில இதையே சொல்லுவேன்.”

யாரும் கை தட்டவில்லை. “மழைக்கு முன்னாடி கண்மாய் மடைய முடிக்கணும், வாங்கடி” என்று மீனாள் மைக்கை என்னிடம் நீட்டினாள். அன்றைய சம்பளம் ஒருத்திக்கும் வரவில்லை. 

அரசாங்கம் இன்னும் முடிவு சொல்லவில்லை. நாளைக்கே சேர்த்து உத்தரவு போட்டாலும் போடலாம். ஆனால் கிளுவக்குடி மனமார வரவேற்றது என்று இனி எந்தத் தாளிலும் எழுத முடியாது. பஸ் ஸ்டாப்பில் ‘ஊராட்சி’ என்றிருக்கும் பலகைக்குப் போன வாரம் மீனாள் ஆள் வைத்துப் புதுப் பெயிண்ட் அடித்தாள்.

ஜெயகாந்தன் சொன்னபடியே செய்தான். அடுத்த கட்சிக் கூட்டத்துக்கு வேறொருவன் வந்து மினுமினுப்பான பெட்டிகளை அடுக்கினான். பேச்சு நடுவில் கரண்ட் போயிற்று. வந்திருந்த பேச்சாளர் அரை மணி நேரம் வாயைத் திறந்தபடி நின்றார். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

நேற்று ஜெயகாந்தனே போன் செய்தான்.

“அண்ணே, அய்யா மறுபடி வாராக. ஒங்க மைக்குதான் வேணும்னுட்டாக.”

“என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழமை சாயந்தரம்.”

“கட்டுறேன். ஆனா மூணாவது கொழாய் கண்மாயப் பாத்துத்தான் இருக்கும்.”

“ஞாயித்துக்கிழமை அங்குட்டு ஒரு ஆளும் இருக்காதேண்ணே!”

“இருக்காட்டிப் போகுது. அது அங்கதான் இருக்கும்” என்று போனை வைத்தேன்.