முதல் எழுத்தில் வைத்த புள்ளி

எழுபதுகளின் கடைசியில், அடையாறில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் மையத்தில் எனக்கு வேலை. ஆசிரியப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களின் பெயர், முகவரிகளை இயந்திரத்தில் ஏற்றி, ஹால் டிக்கெட் அச்சடித்து அனுப்புவது எங்கள் பொறுப்பு.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். பெயர் லட்சுமி. ஹால் டிக்கெட் வரவில்லை என்றார். கம்ப்யூட்டரில் தேடினேன், அவருடைய பதிவு இல்லை.

"உங்க அப்ளிகேஷனே வரலைங்க" என்று அடித்துச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே திரும்ப வந்தார். கையில் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை.

"இது இன்னா மேடம்? உங்க ஆபீஸ் சீலுதானே கீது? இந்த வருசம் வுட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

அந்த வாரம்தான், எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்தாத பெயரையும் தேடிப்பிடிக்கும் குறியீடுகளைக் கையேடு பார்த்துப் படிக்க ஆரம்பித்திருந்தேன். புள்ளி வைத்தால், அந்த இடத்தில் எந்த ஓர் எழுத்தும் இருக்கலாம். புள்ளியை அடுத்து நட்சத்திரம் போட்டால், எத்தனை எழுத்தும் இருக்கலாம். சதுர அடைப்புக்குள் சில எழுத்துகளைப் போட்டால், அவற்றில் ஏதாவது ஒன்று.

ஆங்கிலத்தில் லட்சுமியை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்களே! முதலில் எல், பிறகு புள்ளி நட்சத்திரம், கடைசியில் ஐ என்று கொடுத்தேன். பாதி மெட்ராஸே வந்து விழுந்தது. மல்லிகா, பாலாஜி, நீலாங்கரை என்று எல்லுக்குப் பிறகு எங்கேயாவது ஐ இருந்த அத்தனை வரியும்! அச்சாகி வந்த காகிதம் தரையைத் தொட்டது. லட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அடுத்து, எல் ஏ என்று தொடங்கி, கே அல்லது எக்ஸ் என்று அடைப்புப் போட்டு இறுக்கினேன். நிறைய லட்சுமிகள் வந்தார்கள். இவருடைய முகவரியில் ஒருவரும் இல்லை.

"மொத எழுத்தே தப்பா இருந்தா?" என்றார் அவர்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. எல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு புள்ளி வைத்தேன். சைதாப்பேட்டை முகவரியோடு ஒரு 'கக்ஷ்மி' வந்து நின்றாள். எல்லுக்குப் பக்கத்து விசை கே. வரியின் ஓரத்தில், ஏற்றியவரின் அடையாள எண். என்னுடையது.

அந்தப் பெயரில் யாரும் இல்லையென்று தபால்காரர் திருப்பியனுப்பிய உறை, எங்கள் அறை மூலையிலிருந்த சாக்கிலேயே கிடந்தது. உள்ளே இருந்த ஹால் டிக்கெட்டில் பெயரைத் திருத்தி, அதிகாரியிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

"தப்பா அடிச்சது நான்தாங்க. உங்க மேலயே பழியைப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அட, வுடு மேடம். துணி கிழிக்கறப்போ எனக்குந்தான் கோணலாப் பூடுது."

சில மாதங்கள் கழித்து, சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "மேடம்! டீச்சர் டிரெயினிங்ல சீட்டு கெடச்சிடுச்சு!" நான் கையாட்டுவதற்குள் பஸ் போய்விட்டது. அன்று வீடுவரை நடந்தேதான் போனேன், அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்துவிட்டேன். ஆனாலும் யாரிடமாவது "இல்லை" என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தப்பு என் பக்கம் இருக்குமோ என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.