தங்க விளிம்புக் கப்

ஜூன் 11, புதன், காலை 6.40. வானம் மூட்டமாக இருந்தது, காற்று துளியும் இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த, தங்க விளிம்பு போட்ட ஆறு டீ கப்புகளில் மிஞ்சிய ஒன்றை, உள்ளே படிந்த கறை போகக் கம்பி நாரால் நாற்பது முறை தேய்த்தேன்.

“சமையல் சோடாவைப் பூசி அரை மணி விடுங்கன்னு சொன்னேனே,” என்றாள் மனைவி.

அந்தக் கரகரப்பில் கிழக்குத் தாம்பரத்து வீட்டின் கிணற்றடி நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு ஒன்பது வயது. மாலையில் ஜெபத்துக்குப் பாஸ்டர் வருவதாக இருந்தது. அவருக்கென்றே அம்மா வைத்திருந்த கப்பில் கறை. புளியும் உப்பும் தடவி ஊறவைக்கச் சொல்லிவிட்டு, அம்மா பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்குப் பொறுமையில்லை. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன்.

“கறையை எடுக்கச் சொன்னா விளிம்புல இருந்த தங்கத்தையும் எடுத்துட்டியேடா. பாஸ்டர் ஐயாவுக்கு இதுலயா டீ குடுப்பேன்?” என்றாள் அம்மா, திரும்பி வந்ததும்.

பாஸ்டர் விளிம்பைப் பார்க்கவேயில்லை. மூன்று முறை வாங்கிக் குடித்தார். ஆனால் அடுத்த வாரமே கீறல்களில் கறை முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. பாதி தங்கம் போன கப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

“அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும் உங்களுக்கு அரை மணி நேரம் கெடைக்கலையா?”

சோடா வீட்டிலேயே இருந்தது. கம்பி நார் 20, அவளுக்கு வாங்கித் தந்த புதுக் கப் 285. மொத்தம் 305 ரூபாய்.