ஓடவிட்ட தண்ணீர்

ஆய்வகத்தில் அவளைச் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அமிலம் விடும்போது வாய்க்குள் சொட்டுகளை எண்ணுவாள். யாராவது குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். குடிநீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

தம்பி குடியிருந்த கட்டடத்தில் குழாய்கள் பழைய ஈயக் குழாய்கள். அவன் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு திருந்தவில்லை. இரத்தத்தில் ஈயம் என்றார் மருத்துவர். நகராட்சிச் சோதனையோ தண்ணீர் சுத்தம் என்றது. அதில் கையெழுத்திட்டவள் அவளே.

தண்ணீர் மாதிரி எடுப்பவரிடம் போய்க் கேட்டாள். “அண்ணே, குழாயத் திறந்து ஓடவிட்டுட்டா பிடிச்சீங்க?”

“பின்ன? கிருமிக்கு அப்படித்தானே பிடிக்கணும். நேத்தா இந்த வேலைக்கு வந்தேன்?”

கிருமிக்கு அது சரி. ஈயம் இரவெல்லாம் குழாயில் தேங்கி நிற்கும் நீரில்தான் கரைகிறது. ஓடவிட்டால் அது சாக்கடையோடு போய்விடும். நகராட்சிப் பொறியாளரை நச்சரித்து மறு சோதனைக்குச் சம்மதிக்க வைத்தாள். “இதுலயும் ஈயம் வரலைன்னா குழாய் மாத்துற பேச்சே கூடாது” என்றார் அவர். உறவு என்பதால் மாதிரி எடுக்கும்போது அவள் அங்கே வரக் கூடாது என்றும் சொன்னார்.

சோதனைக்கு முந்தின மாலை தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தாள். “காலையில தண்ணி எடுக்க அவங்க வர்ற வரைக்கும் குழாயத் தொடாதே.” ஏன் என்று சொல்லவில்லை.

மாதிரிப் பாட்டில்கள் ஆய்வகத்துக்கு வந்தன. ஈயத்தின் எண் வரம்புக்கு வெகு கீழே நின்றது. இரண்டாம் முறை பார்த்தாள். அதே எண். நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

“குழாயத் தொட்டியா?”

“கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்க்கா, அவ்வளவுதான். காலையில மொதல்ல கலங்கலா வரும். பெரிய மனுஷங்க முன்னாடி அதையா காட்டுறது? வீட்ட எப்படி வச்சிருக்கா பாருன்னு சொல்ல மாட்டாங்களா?”

“குடிக்கும்போது போகாத மானம், காட்டும்போது போயிடுமா?” என்று தம்பி கத்தினான். அவன் மனைவி அழுதுகொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் சொட்டு பொறியாளரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார்.

“கணக்குல தப்பு இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் வீட்டுக்காரங்க சொல்றத வச்சு நான் என்னம்மா பண்றது?”

அறிக்கையில் கையெழுத்திட்டாள். மாலையில் தம்பிக்குப் போன் செய்து, தினமும் காலையில் நன்றாக ஓடவிட்டு அப்புறம் பிடிக்கச் சொன்னாள்.

“எங்கேக்கா ஓடவிடுறது? தண்ணி வர்றதே கால் மணி நேரம். குடம் நெறையவே நேரம் பத்தல.”

அவள் வாய்க்குள் குடங்களை எண்ணினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவன் போனை வைக்கவில்லை.