நாலு கட்டத்துல நின்ன சாவு

எங்க வூட்டுக்காரரு யுத்தத்துக்குப் போனப்ப மாரண்டஹள்ளியில சின்ன ரயில் ஓடிட்டிருந்துச்சு. அதுலதான் ஏறிப் போனாரு. எனக்குக் கலியாணமாகி ஒரு வருசங்கூட ஆகலை. கொஞ்ச நாள்ல அந்தத் தண்டவாளத்தையும் யுத்தத்துக்குன்னு பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. "அப்ப எம்மவன் எதுல திரும்பி வருவான்?"னு மாமியா சண்டைக்கு நின்னாங்க. சர்க்காரு கிட்ட நிக்க முடியுமா? எங்கிட்ட நின்னாங்க. பர்மாப் பக்கம் இருக்கறேன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல.

ஓசூர் ரோட்டுல மிலிட்டரி லாரிங்க போய்க்கிட்டே இருக்கும். ஒரு நாள் ஒரு லாரி பொகைய வுட்டுக்கிட்டு எங்க ராகிக் கொல்லைக்குப் பக்கத்துல நின்னுபோச்சு. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருத்தன் எறங்கி வந்து சைகையில தண்ணி கேட்டான். குடத்தோட குடுத்தேன். லாரிக்குப் பாதி ஊத்தி, தலையில பாதி ஊத்திக்கிட்டான். போறப்ப படம் படமாப் போட்ட ஒரு பொம்மைப் பொஸ்தகத்தை எங்கையில குடுத்துட்டுப் போனான்.

வரப்புல குந்தித் தொறந்தேன். அப்பப்பா! ஒரு பக்கத்துல நாலு கட்டம், மேல ரெண்டு, கீழ ரெண்டு. மொதக் கட்டத்துல ஒரு உருவம். மலையெல்லாம் அதுக்கு முட்டிக்குக் கீழ. கப்பலுங்க அதோட கால்மாட்டுல, களத்துல சிந்துன ராகி மாதிரி கெடக்குது. கறுப்பாப் போத்தியிருக்கு. மூஞ்சி இருக்கவேண்டிய எடத்துல மூஞ்சி இல்ல, வெடியக்கால வானம் இருக்குது. எங்க ஊரு முனியப்பன் கண்ணை உருட்டி முழிச்சா பயந்து கும்பிடுவோம். இதுக்கு முழிக்கக் கண்ணே கெடையாது. ஆனா என்னையேதான் பாக்குது. கையிலிருந்த அருவாளைக் கீழ வெச்சுட்டுக் கும்பிட்டேன், பேரு ஊரு தெரியாமலே.

எனக்கு எழுத்து தெரியாது. படத்தைத்தான் பாத்தேன். ராகிக் கொல்லையில களை எடுக்கிறப்ப ஒரு சால் வரிசையை அடிவரைக்கும் முடிச்சுட்டுத்தானே அடுத்த சாலுக்குத் திரும்புவோம்? அந்தப் பழக்கத்துல எடதுபக்கம் மேலருந்து கீழ பாத்துட்டு, அப்புறம் வலதுபக்கம் மேலருந்து கீழ பாத்தேன். அந்த நெட்டை உருவம் வருது. கீழ ஒரு சிப்பாய் சேத்துல விழுந்து கெடக்கறான். அந்தப்பக்கம் மேல அதே சிப்பாய் துப்பாக்கியோட எழுந்து நிக்கறான். கடைசியில அது தம்பாட்டுக்குத் திரும்பிப் போவுது. விழுந்தவனை எழுப்பி வுட்டுட்டுப் போவுது! அழுகையா வந்துச்சு எனக்கு. மாமியா கிட்ட ஓடிக் காமிச்சேன். "யாருடி இந்த நெட்டையன்?"னாங்க. "யாரா இருந்தா என்னங்க அத்தை, எழுப்பறான் பாருங்க"ன்னேன். வெடுக்குன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

அவங்களுக்கு வேற கவலை. மகன் செத்துட்டான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்க. "எள்ளுந் தண்ணியும் எறைக்க ஆளில்லாம எம்புள்ள தாகத்தோட அலையிறான், கருமாதி பண்ணுங்க"ன்னு மாமனாரை அரிச்செடுத்தாங்க. கருமாதின்னா என் கழுத்துத் தாலியும் போச்சு. உசுரோட இருக்கறவருக்கு நான் எதுக்கு முண்டச்சி ஆவணும்?

அந்தச் சமயத்துல பாலக்கோட்டுலருந்து சொந்தக்கார வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு. இங்கிலீசு தெரிஞ்சவரு. பொஸ்தகத்தை நீட்டி, இது எந்த ஊரு சாமின்னு கேட்டேன். கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. "சாமி இல்லம்மா. சாவுன்னு பேரு போட்டிருக்கான்."

"எமனுங்களா?"

"எமன் உசுரைக் கொண்டுபோறவன். இது அப்பிடி இல்ல. சாவு சாவுன்னு சொல்றோமே, அதையே ஒரு ஆளா நிக்க வெச்சிருக்கான்."

பசிக்கு ஒடம்பு உண்டா? தூக்கத்துக்குக் கை கால் உண்டா? சாவுக்கு மட்டும் எந்த மகராசனோ ஒடம்பு குடுத்துட்டான்! பயம்தான், பொய் சொல்லலை. ஆனா உள்ளுக்குள்ள ஒரு தெம்பும் வந்துச்சு. இத்தனை நாளு யாரைக் கேக்கறதுன்னு தெரியாம கல்லையும் மரத்தையும் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப, கேக்கவேண்டிய ஆளே எதுருல நிக்குது.

"ஆனா விழுந்தவனை எழுப்புதுங்களே"ன்னு வெரல் வெச்சுக் காமிச்சேன். வாத்தியாரு வுட்டாரா? "நீ தப்பாப் பாத்திருக்கே. குறுக்கால பாக்கணும். மொதல்ல அது வருது, சிப்பாய் நிக்கறான், அப்புறம் விழுந்துடறான், அது போயிடுது"ன்னாரு.

"இங்கிலீசு குறுக்கால போவட்டுங்க, படத்துக்கு என்ன வந்துச்சு?"ன்னு பொஸ்தகத்தைப் புடுங்கிக்கிட்டேன். மொறத்துல கல்லு பொறுக்கிக்கிட்டிருந்த மாமியா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. மொறத்தை வெச்சுட்டு எழுந்து, "சாமி கிட்ட உத்தரவு கேட்டுடுங்க"ன்னாங்க மாமனாரு கிட்ட.

முனியப்பன் கோயில்ல கெடாவை நிறுத்தித் தண்ணி தெளிப்பாங்க. அது ஒடம்பை ஒதறித் துலுக்குனா சாமி சம்மதம் குடுத்துட்டாருன்னு அர்த்தம். துலுக்குனா கருமாதி. மத்தியான வெயில்ல ஊரே கூடி நின்னுச்சு. நான் பொஸ்தகத்தை மடியில சொருகிக்கிட்டு நின்னேன். முனியப்பனைக் கும்பிடலை நான். 'நெட்டையா, வாத்தியாரு படிக்கிற மாதிரி வந்துடாதே, நான் படிக்கிற மாதிரி வா'ன்னு அதைத்தான் கெஞ்சுனேன். கெடா ரொம்ப நேரம் அசையலை. தெளிச்சது பத்தலைன்னு சொம்போட ஊத்துனாங்க. துலுக்கிடுச்சு.

"தண்ணியக் கொட்டுனா நானுந்தான் ஒதறுவேன்! இது ஒரு உத்தரவா?"ன்னு கத்திட்டேன். மாமனாரு அடிக்கக் கை ஓங்குனாரு. அவரைத் தள்ளிக்கிட்டு மாமியா எங்கிட்ட வந்தாங்க. வளையலை ஒடைக்கத்தான் வர்றாங்கன்னு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டேன்.

"அந்தப் பொஸ்தகத்தை எடு. நீ பாக்கற மாதிரியே ஒருக்கா காட்டு"ன்னாங்க.

வெரல் வெச்சுக் காட்டுனேன். வருது. விழுந்து கெடக்கறாரு. மூணாவது கட்டத்துக்குப் போறப்ப என் வெரலைப் புடிச்சு நிறுத்திட்டாங்க. "இங்க எழுந்துட்டானா?"

"எழுந்துட்டாருங்க அத்தை."

வெரலை வுடவே இல்ல. அப்பிடியே திரும்பாம, "ஆட்டை அவுத்து வுடுங்க"ன்னாங்க. அவுத்து வுட்டாங்க, கருமாதிப் பேச்சும் அதோட போச்சு.

அவரு வரலை. யுத்தம் முடிஞ்சு மத்த ஆளுங்க வந்தாங்க, அவரு வரலை. என் தாலிய மட்டும் மாமியா ஒருத்தரையும் தொட வுடலை. படுத்த படுக்கையாக் கெடந்து, அவங்களுக்கு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தப்ப வாயில பால் ஊத்தப் போனேன். தட்டி வுட்டுட்டாங்க. "அந்த நெட்டையன் வரட்டும்டி. எம்மவனை நீ எந்தப் பக்கமாப் படிச்சேன்னு நானே அவனைக் கேட்டுக்கறேன்"னாங்க.